கேப்டன் ரவ்ஹியா கேட்ட நல்ல கேள்வி

எகிப்தின் தமன்ஹூரில் ரவ்ஹியாவை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலும் கிடையாது, பட்டாளமும் கிடையாது. பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் விளையாட்டு டீச்சராக இருந்தவள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் கழுத்தில் விசில் தொங்கினால் கேப்டன். முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. மீன்காரன்கூட, "கேப்டன், மீன் துள்ளுது, வந்து பாருங்க!" என்றுதான் கத்துவான்.

புருஷன் எப்போதோ பிரிந்து போய்விட்டான். ஒரே மகன் இத்தாலியில் ஏதோ ஒரு சமையலறையில் நிற்கிறான். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற ரகம் இல்லை ரவ்ஹியா. கெய்ரோவில் ஓட்டல் ஒன்றில் நடந்த பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தாள். புத்திமதி சொல்லாமல், வெறும் கேள்வி கேட்டே ஆளை மாற்றுகிற பயிற்சி. அதுவும் கண்ட கேள்வியைக் கேட்கக்கூடாது. என்ன கெட்டுப்போச்சு, யார் கெடுத்தது என்று தோண்டவே கூடாது. உன்னிடம் நன்றாக இருப்பது எது, நீ ஜெயித்த நாள் எது, அன்றைக்கு உனக்குள் என்ன இருந்தது, அதை இன்னும் எப்படிப் பெருக்கலாம் என்று நல்லதையே கேட்டுக் கேட்டு, ஆளை அவருடைய பலத்தின் மேல் நிற்கவைக்க வேண்டும். கேட்கவே இதமாக இருக்கிறது, இல்லையா? "முதுகை நிமிர்த்துடி சோம்பேறி!" என்று கத்திக் கத்தித் தொண்டை போனவளுக்கு அது புது உலகமாக இருந்தது.

சொல்லிக்கொடுத்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நல்லதை யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா? எருமை ஒரு குவளை கூடக் கறந்தால் "வத்திப் போச்சு" என்போம். பெண் பரீட்சையில் முதலாக வந்தால் "ஏதோ தட்டுத்தடுமாறித் தேறிட்டா" என்போம். ஊர்க் கண் பொல்லாத கண். ரவ்ஹியா மட்டும் என்னவாம்? மகனுக்கு விசா வந்த சேதியைப் பற்றி, விமானம் கிளம்புகிறவரை கூடப்பிறந்த தங்கையிடம்கூட மூச்சு விடவில்லை. பெட்டி கட்டுவதைப் பார்த்துக் கேட்ட எதிர்வீட்டுக்காரியிடம் "பழைய துணி, தானம் கொடுக்கப் போறோம்" என்று வாய் கூசாமல் சொன்னவள்தான். சான்றிதழ் கைக்கு வந்ததும் அவளுக்கு அதெல்லாம் சுத்தமாக மறந்துபோயிற்று. படிப்பு சில பேரை இப்படித்தான் பண்ணிவிடுகிறது.

ஊர்க்கோடியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. அங்கே குறைமாதக் குழந்தைகளுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவுக் குழந்தைகள். அந்தப் பிரிவில் புது நர்சுகள் நிலைப்பதே இல்லை. அந்தச் சின்னக் கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்ற முடியாமல் அழுதுவிட்டு ஓடிவிடுவார்கள். அனுபவமுள்ள நர்சுகள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் நிற்பார்கள் என்று பிரிவின் தலைவர் டாக்டர் ஃபிக்ரி நினைத்தார். ஆனால் யாரும் முன்வரவில்லை. அவர்களைத் தயார்படுத்தத்தான் ரவ்ஹியாவை அழைத்தார்.

முதல் நாளே வாசல் காவலாளி பய்யூமி வம்பிழுத்தான். "என்ன கேப்டன், இங்க எந்த டீமுக்குப் பயிற்சி? எங்க ஆட்டக்காரங்க எல்லாரும் ஒரு கிலோதான் இருக்காங்க."

"நீ வழியை விடு. உன் தொப்பையைத்தான் முதல்ல ஓடவிடணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தேநீர் அறையில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டாள். "இந்தப் பிரிவுல எல்லாமே நல்லபடியா நடந்த ஒரு நாளைச் சொல்லுங்க, கேப்போம்."

முதலில் பேசியது ஸீனாத்தான். அறை கூட்டுவது முதல் குழந்தை பெற்றவளைத் தேற்றுவது வரை சகலமும் செய்கிற பழைய ஆயா. வாய் மட்டும் அவளுக்கு ரொம்ப நீளம். "நல்ல நாளா? அது லீவு போட்டுட்டுப் போயிருக்கு கேப்டன். வந்ததும் சொல்லி அனுப்பறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மடை திறந்த மாதிரி குறைகள் கொட்டின. லிஃப்ட் ஓடவில்லை, பஞ்சு இல்லை, ராத்திரிச் சோறு வேகவில்லை. ரவ்ஹியா கையைத் தூக்கி நிறுத்தினாள். "குறை வேணாம்மா. நல்லதைச் சொல்லுங்க."

"நல்லது இருந்தா அதை ஊரைக் கூட்டிச் சொல்லித் தொலைச்சுக்கச் சொல்றீங்களா?" என்றாள் ஸீனாத்.

ஆனால் ரவ்ஹியா ஒன்றைக் கவனித்துவிட்டாள். ஊசி ஏற்றுவதைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் எல்லோருடைய கண்ணும் மூலையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைத் தொட்டுவிட்டு உடனே விலகிக்கொண்டது. அவள் பெயர் இன்ஷிராஹ். ஒல்லியான உடம்பு, அதிகம் பேச மாட்டாள். தினமும் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். டாக்டர்களுக்கே நரம்பு கிடைக்காத குழந்தைக்கு அவள் விரலை வைத்தால் கிடைத்துவிடும். அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அந்தக் கை விளங்காதவளைக் கூப்பிடு" என்பார்கள். கண் படாமல் இருக்க அந்தப் பிரிவே சேர்ந்து வைத்த பட்டப்பெயர் அது. அவளும் "ஏன், இந்தக் கை விளங்காதவளை விட்டா உங்களுக்கு ஆளே கிடைக்கலையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவாள். வேலை முடிந்ததும் போய்விடுவாள். ஒரு சொல் பாராட்டு கிடையாது, அவளும் எதிர்பார்த்ததில்லை. ரொம்ப காலம் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ரவ்ஹியாவுக்கு அந்தப் பட்டப்பெயர் பொறுக்கவில்லை. இவ்வளவு திறமையை மூடி வைத்து, அதன்மேல் ஒரு வசவையும் போட்டு வைத்திருக்கிறார்களே என்று வயிறெரிந்தாள். வாரா வாரம் இன்ஷிராஹைத் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். முதலில் எதுவும் பெயரவில்லை.

"அந்த ரெட்டைக் குழந்தையில சின்னவளுக்கு, எல்லாரும் கைவிட்டப்புறம் நீ எப்படி நரம்பைப் பிடிச்ச?"

"அல்லா பிடிச்சான்."

"சரி. அல்லா உன் கையைத்தானே எடுத்துக்கிட்டான்? டாக்டர் கையை ஏன் எடுத்துக்கலை?"

இன்ஷிராஹ் சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதே அன்றைக்குத்தான் ரவ்ஹியாவுக்குத் தெரிந்தது. மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள்.

"நான் கண்ணால பாக்க மாட்டேன் கேப்டன். பாத்தா ஒண்ணும் தெரியாது, அதுங்க தோலு வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். விரலை வைப்பேன். மனசுக்குள்ள ஏதோ பாட்டு ஓடும், இல்லேன்னா ராத்திரிக்கு என்ன சமைக்கலாம்னு ஓடும். அப்புறம் பாத்தா ரத்தம் ஏறியிருக்கும்."

"விரலை வெச்சதுக்கும் ரத்தம் ஏறினதுக்கும் நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்லையே."

"இருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு. அங்கதான் உன் பலம் இருக்கு. அதைக் கண்டுபிடிச்சாத்தானே மத்தவங்களுக்குக் கத்துக்கொடுக்க முடியும்?"

இன்ஷிராஹ் யோசித்தாள். பாவி மகள், நன்றாகவே யோசித்தாள். பஸ்ஸில் யோசித்தாள், பாத்திரம் கழுவும்போது யோசித்தாள். அடுத்த வாரம் வந்து, விரல் நுனியில் ஒரு சின்னத் துடிப்பு தெரிகிறது, அது தெரிந்ததும் மணிக்கட்டு தானாகத் தாழ்கிறது என்று சொன்னாள். ரவ்ஹியாவுக்குத் தலைகால் புரியவில்லை. தான் படித்த படிப்பு பலித்துவிட்டது என்று பூரித்துப்போனாள். அந்தச் சந்தோஷத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். எல்லோரையும் கூட்டி, இன்ஷிராஹை நடுவில் நிறுத்தினாள்.

"உன்கிட்ட இருக்கிற பலத்தை நீயே உன் வாயால சொல்லு. கூச்சப்படாதே."

இன்ஷிராஹ் முகம் சிவந்துபோய் நின்றாள். பிறகு ஒரு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என் கை... என் கை தவறாது," என்றாள்.

ரவ்ஹியா கைதட்டினாள். புது நர்சுகள் இரண்டு பேரும் தட்டினார்கள். மற்றவர்கள் உறைந்துபோய் இருந்தார்கள். கண் படாமல் இருக்க ஸீனாத் ஐந்து விரலையும் விரித்துச் சுவரில் அறைந்தாள். "அடிப்பாவி, வாயை மூடு! கேப்டன், நீங்களாவது மாஷா அல்லா சொல்லக் கூடாதா?" சொல்லியிருக்கலாம். கண்ணைத் தடுக்கிற ஒரு வார்த்தைதான். உற்சாகத்தில் ரவ்ஹியாவுக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் காலை இன்ஷிராஹ் ஒரு ஆண் குழந்தையின் கையில் விரலை வைத்தாள். துடிப்பு வருகிறதா என்று பார்த்தாள். மணிக்கட்டு தாழ்கிறதா என்று பார்த்தாள். ஊசி இறங்கியது, ரத்தம் ஏறவில்லை. அவளுக்கு அது முதல் தடவை. இன்னொரு கையில் முயன்றாள். பிறகு காலில். குழந்தைக்கு அழுவதற்குக்கூடத் தெம்பில்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. கண்ணாடிக்கு வெளியே நின்ற தாய் கதவை இடித்தாள். டாக்டர் ஃபிக்ரி ஓடிவந்து, தொப்புள் வழியாக எப்படியோ மருந்தை ஏற்றினார். குழந்தை பிழைத்தது. இன்ஷிராஹ் கையைத் தண்ணீருக்கடியில் காட்டியபடி ரொம்ப நேரம் நின்றாள்.

அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவளுக்கு நரம்பு கிடைக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பிரிவில் யாரும் அவளைக் கை விளங்காதவள் என்று கூப்பிடவும் இல்லை. பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள், அதுதான் கொடுமை.

ரவ்ஹியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன ஆச்சு என்று கேட்க முடியாது. அவள் படித்த படிப்பில் அந்தக் கேள்வி கிடையாது. நல்லதைத்தான் கேட்க வேண்டும். கேட்டாள்.

"இன்னைக்கு எது நல்லா நடந்துச்சு இன்ஷிராஹ்?"

"இன்னைக்கு நான் யாரையும் குத்தல கேப்டன். அதுதான் நல்லது."

கெய்ரோவில் தனக்குப் பயிற்சி கொடுத்தவருக்குப் போன் போட்டாள். அவர் தேன் ஒழுகப் பேசினார். முன்பு ஏதாவது கைவிட்டுப் போய்த் திரும்பி வந்த அனுபவத்தைக் கேளுங்கள், அதில் பலம் இருக்கும் என்றார். அதையும் போய்க் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி உன் கை போய்த் திரும்பி வந்திருக்கா?"

இன்ஷிராஹ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. "அது போனதே இல்லையே கேப்டன். திரும்பி வந்தது எப்படின்னு எனக்கெப்படித் தெரியும்?"

டாக்டர் ஃபிக்ரி நல்ல மனிதர். ஆனாலும் அவர் எத்தனை நாள் பொறுப்பார்? குழந்தைகள் உயிர் விஷயம். இந்த வாரமும் சரியாகவில்லை என்றால் இன்ஷிராஹைக் கீழே துணி துவைக்கிற இடத்துக்கு மாற்றிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானமே ஸீனாத் ரவ்ஹியாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். வெறுங்கையோடு வந்தால் மரியாதை இல்லையே.

டீயைக் குடித்து முடித்துத்தான் விஷயத்துக்கு வந்தாள். "கேப்டன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க துணியில ஒரு துண்டு வேணும்."

ரவ்ஹியாவுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் யாருக்குப் புரியாது? யார் கண் பட்டதோ, அவர் உடுத்திய துணியில் ஒரு துண்டை வெட்டிச் சாம்பிராணியோடு கொளுத்தி, அந்தப் புகையைப் பாதிக்கப்பட்டவள் தாண்ட வேண்டும். "அப்ப, என் கண்ணுதான்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"கெட்ட கண்ணுன்னு யார் சொன்னா? ஆசையா பாத்தாலும் படும் கேப்டன். பெத்த தாய் கண்ணே படுது. நீங்க அவளை அப்படி வாய் பிளந்துட்டுப் பாத்தீங்க!"

"ஸீனாத், அது கண்ணு இல்ல. அவ யோசிக்க ஆரம்பிச்சுட்டா. யோசிச்சா அந்தக் கை வராது. அதுதான் நடந்தது."

"யோசிக்கச் சொன்னது யாரு?"

ரவ்ஹியா எழுந்து உள்ளே போனாள். அலமாரியில் தினமும் கட்டுகிற பழுப்பு முக்காடு மடித்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள். அங்கேதான் கை நின்றுவிட்டது. அவளுடைய கல்யாணம் முறிந்த வருஷம், கொடியில் காய்ந்த அவளுடைய காலுறை ஒன்று காணாமல் போனது. யாரோ எடுத்துப் போய் ஏதோ செய்துவிட்டார்கள் என்று தெருவே பேசியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் ஒரு துணியைக்கூட வெளியே காயப்போட்டதில்லை. மகன் அந்நிய தேசத்தில் தனியாக இருக்கிறான். தன் வியர்வை ஊறிய துணி யார் யார் கைக்கோ போவதை நினைத்ததும் அந்த முக்காட்டை உள்ளேயே தள்ளிவிட்டாள். நம்பிக்கை இல்லை என்று மார்தட்டுகிறவளுக்கு எதற்கு இந்தப் பயம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பிரிக்காத ஒரு புது முக்காட்டை எடுத்தாள். வாங்கி ஒரு தடவைகூடக் கட்டாத பழுப்பு நிறத் துணி. அதன் ஓரத்தை வெட்டிக்கொண்டு வந்து ஸீனாத்தின் கையில் கொடுத்தாள்.

ஸீனாத் அதை முத்தமிட்டு மார்புக்குள் செருகிக்கொண்டாள். "அல்லா உங்களுக்குக் குறை வைக்க மாட்டான் கேப்டன். பெரிய மனசு."

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்குப் பின்னால், ஆக்சிஜன் சிலிண்டருக்கெல்லாம் எட்டத்தில், சாயங்காலம் அதைக் கொளுத்தினார்கள். இன்ஷிராஹ் புகையைத் தாண்டினாள். பய்யூமிகூட வந்து நின்று ஓதினானாம். எல்லோரும் அழுதார்களாம். ரவ்ஹியா அங்கே போகவில்லை. இதெல்லாம் ஸீனாத் போனில் சொல்லித்தான் தெரியும். மறுநாள் காலையில் இன்ஷிராஹ் ஒரு பெண் குழந்தையின் கையைத் தொட்டாள். ரத்தம் ஏறவில்லை. சத்தம் போடாமல் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, தானாகவே படியிறங்கித் துணி துவைக்கிற இடத்துக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு ரவ்ஹியாவுக்குத் தூக்கம் போயிற்று. புகையால் ஒரு கை திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இன்ஷிராஹ் நம்பினாளே! நம்புகிறவளுக்கு அந்த நம்பிக்கையே போதுமாக இருந்திருக்குமோ? துணி பொய்யானதால்தான் பலிக்காமல் போயிற்றோ? ஒரு பக்கம், "பைத்தியக்காரி, துணிக்கும் கைக்கும் என்னடி சம்பந்தம்?" என்று தன்னையே திட்டினாள். மறுபக்கம், அந்தப் பழுப்பு முக்காடு அலமாரியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்படிக் கிடந்து அல்லாடியவள், கடைசியில் அந்த முக்காட்டை முழுசாகவே ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

துணி துவைக்கிற அறை ஆஸ்பத்திரிக்கு அடியில் இருந்தது. சலவைச் சோடா மணமும் நீராவியும். இன்ஷிராஹ் பெரிய மேஜைக்கு முன்னால் நின்று, கைக்குட்டையைவிடக் கொஞ்சமே பெரிதான குழந்தை விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கேப்டனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டீ சொல்லட்டுமா என்று கேட்டாள். அந்த மரியாதைதான் ரவ்ஹியாவை அதிகமாக அறுத்தது.

உட்காராமலே சொல்லிவிட்டாள். "இன்ஷிராஹ், அன்னைக்கு எரிச்சது என் துணி இல்ல. நான் கட்டவே கட்டாத புதுசு. ஏமாத்திட்டேன்."

"தெரியும் கேப்டன்."

"தெரியுமா?"

"கடைக் கஞ்சி அப்படியே மொடமொடன்னு இருந்துச்சே. நான் தொட்டதுமே தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்புறம் ஏம்மா தாண்டின? அந்த இடத்துலயே சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் எனக்காக அழுதுட்டு நின்னாங்க. ஸீனாத் அக்கா சாம்பிராணிக்கு எங்கெங்கேயோ அலைஞ்சு வாங்கிட்டு வந்திருந்தாங்க. நான் எப்படிச் சொல்லுவேன்?" ஒரு விரிப்பை மடித்துவிட்டு, "அதுவுமில்லாம, உங்களுக்கும் பயம் இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. பாவம்னு நினைச்சேன்," என்றாள்.

ரவ்ஹியா பையிலிருந்து முக்காட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது நான் கட்டினது. வருஷக்கணக்கா கட்டினது. துண்டு வேணாம், முழுசா எடுத்துக்கோ. இன்னைக்கே கொளுத்திடலாம். நானே கொளுத்தறேன், வா."

இன்ஷிராஹ் அதை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். "ஆமா, இது உங்க வாசனைதான்." அவள் கை அந்தத் துணியை ஒரு முறை தடவியது. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் ரவ்ஹியாவுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. தீக்குச்சி எங்கே கிடைக்கும் என்று அவள் கண் அறையைச் சுற்றித் தேடியது.

இன்ஷிராஹ் முக்காட்டை ஓரத்தோடு ஓரம் சேர்த்து நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"எரிக்க வேணாம் கேப்டன். என்கிட்டயே இருக்கட்டும்."

"ஏன்? உண்மையான துணிதான், சத்தியமா!"

"அதனாலதான் வேணாங்கறேன். பொய்த் துணியை எரிச்சாங்க, அதான் பலிக்கலன்னு நான் என்னைத் தேத்திக்கிட்டுத்தான் தினமும் பஸ் ஏறி வர்றேன். இதையும் எரிச்சு, அப்பவும் என் கை வரலன்னா? அப்புறம் எதை நம்பி நான் காலையில எந்திரிக்கிறது?"

மேலேயிருந்து யாரோ விரிப்பு கேட்டுக் குரல் கொடுத்தார்கள். இன்ஷிராஹ் அடுக்கை எடுத்துக்கொண்டு படிவரைக்கும் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, அடுத்த கூடையை மேஜைமேல் கவிழ்த்தாள். ரவ்ஹியா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் கேட்கக் கேள்வி எதுவும் இல்லை.